பணி ஓய்வுக்குப் பின் வரும் ஓய்வு



உடல்நலமும் ஓய்வும் ஆகிய இரண்டு அருட்கொடைகளின் விஷயத்தில் மக்களில் பெரும்பாலோர் நஷ்டமடைந்து விடுகின்றனர் என்னும் கருத்தில், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று புகாரியில் இடம்பெற்றுள்ளது. இதனை வழக்கமாக இளைஞர்களை நோக்கியே நாம் எடுத்துரைக்கின்றோம். இன்று, பணியிலிருந்து ஓய்வு பெற்ற முதியவரை முன்னிறுத்திச் சற்றே சிந்திப்போம்.

அந்நபிமொழியில் நஷ்டமடைந்தவரைக் குறிக்கும் 'மக்பூன்' என்பது சந்தை வழக்கிலுள்ள சொல். தன் சரக்கின் மதிப்பறியாமல் மலிவாக விற்று ஏமாந்தவர் என்பது அதன் பொருள். ஓய்வைக் குறிக்கும் 'ஃபராக்' என்னும் சொல்லுக்கோ வெறுமை என்ற பொருளும் உண்டு. குழந்தை மூஸா (அலை) அவர்களை ஆற்றில் விட்ட தாயாரின் உள்ளம் வெறுமையாகிவிட்டதை அல்கஸஸ் அத்தியாயம் (28:10) கூறுமிடத்தில், இதே வேரிலிருந்து பிறந்த சொல்லே ஆளப்பட்டுள்ளது. ஓய்வும் வெறுமையும் ஒரே வேரில் முளைத்தவை என்பதனை ஓய்வு பெற்ற எவரும் விளக்கமின்றியே புரிந்து கொள்வார்.

தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 58லிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. அறுபதை எட்டிய ஒருவர் நம் நாட்டில் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் அளவுக்கு வாழ்கின்றார். நாளொன்றுக்கு 8 மணி நேரப் பணியும் 1 மணி நேரப் பயணமும் என்றால், ஆண்டுக்கு 300 நாட்களில் 2,700 மணி நேரம் அவர் கைக்குத் திரும்பி வருகின்றது. பணிக்கொடைப் பணத்தை எங்கே போடுவது என்று பத்துப் பேரிடம் ஆலோசனை கேட்கும் நாம், இந்த மணி நேரங்களைப் பற்றி ஒருவரிடமும் கேட்பதில்லை.

ஓய்வு பெற்றோரை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் அட்ச்லி, 1970களில் எழுதியவற்றில் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். ஓய்வு பெற்ற தொடக்கத்தில் பலருக்குப் புதுமணக் காலம் போன்றதொரு மகிழ்ச்சி இருக்கும். அது தேய்ந்தபின் சிலரை ஏமாற்றம் பற்றிக்கொள்ளும். அதன் பிறகே வாழ்க்கையைத் திருத்தி அமைத்துக்கொள்ள முற்படுவர். முன்பே பழகிய ஈடுபாடுகளையும் நட்புகளையும் தொடர்பவர்களே இம்மாற்றத்தை எளிதாகத் தாங்குகின்றனர் என்பதும் அவர் வலியுறுத்திய கருத்து.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தின் நிலையைப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவருக்குத் தொடர்வதற்கு எது இருக்கின்றது? அங்கே வாராந்திர விடுமுறை, துணி துவைப்பதிலும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதிலும் கழிந்தது. ஊருக்கு வந்த இரண்டு மாத விடுப்புகளில் அவர் தம் இல்லத்திலேயே விருந்தினராக இருந்தார். இப்போது நிரந்தரமாக வந்துவிட்டவர், பாங்கு சொல்வதற்கு அரை மணி முன்னதாகவே பள்ளிவாசலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கின்றார். இதனை இறையச்சம் என்று மட்டும் எண்ணிக் கடந்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து பேச்சுக் கொடுங்கள்.

அவருடைய துணைவியாரையும் மறந்துவிடலாகாது. கணவர் ஓய்வு பெற்ற நாளில் அப்பெண்மணிக்கு வேலை கூடிவிடுகின்றது. பகலெல்லாம் அவர் ஆண்டு வந்த அடுக்களையில் மிளகாய்த்தூள் எத்தனை கரண்டி என்று கேட்க ஓர் அதிகாரி வந்துவிடுகின்றார்! அம்மையார் ஓய்வு பெறும் தேதியை எந்த அரசும் இதுவரை அறிவிக்கவில்லை.

குஸைமா இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் மகனார் அறிவிக்கும் செய்தி ஒன்று உண்டு. உமர் (ரலி) அவர்கள் குஸைமா (ரலி) அவர்களிடம், தம் நிலத்தில் மரம் நடாமல் இருப்பது ஏன் என்று வினவினார்கள். தாம் வயது முதிர்ந்தவர், நாளை இறந்துவிடக் கூடியவர் என்று குஸைமா (ரலி) அவர்கள் பதிலுரைத்தார்கள். நட்டே ஆக வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் உறுதிபடக் கூறினார்கள். சொல்லிவிட்டுச் சென்றுவிடவில்லை, தம் தந்தையாருடன் சேர்ந்து உமர் (ரலி) அவர்களும் தம் கரங்களாலேயே நட்டதைக் கண்டதாக மகனார் கூறுகின்றார். ஆட்சிப் பொறுப்பு அத்தனையையும் சுமந்தவர்கள், ஒரு முதியவரின் ஓய்வு நேரத்தில் பங்கு கொள்ள நேரம் ஒதுக்கினார்கள்! நாமோ நம் வாப்பாவுக்குச் செய்தித்தாளை வாங்கிப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணுகின்றோம். இல்லையேல், சும்மாதானே இருக்கின்றார் என்று மின் கட்டணத்திற்கும், ரேஷன் கடைக்கும், பேரப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாகனத்திற்கும் அவரை அனுப்பிக் கொண்டிருக்கின்றோம். பேரப் பிள்ளைகளால் அவர் மகிழ்வது உண்மைதான். எனினும் அது நாம் விதித்த வேலை. அவராக விரும்பித் தேர்ந்த பொழுது அன்று.

இதனை உங்களுக்குக் கூறும் தகுதி எனக்கு இருக்கின்றதா என்று எண்ணுகின்றேன். என் தந்தையார் இளமையில் எங்கள் ஊர்க் கழிமுகத்தில் தூண்டில் போடுவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார்கள். எழுத்தர் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், பரணில் கிடந்த தூண்டிலை எடுத்துத் துடைத்து, புதிய நரம்பு மாட்டினார்கள். அஸருக்குப் பின் புறப்பட்டு, பழைய கூட்டாளிகள் இருவருடன் அமர்ந்திருந்து, மஃரிபுக்குத் திரும்பிவிடுவார்கள். சில நாட்களில் இரண்டு கெளுத்தி கிடைக்கும். பல நாட்களில் வெறுங்கை. ஆயினும் அந்த மாதங்களில் அவர்கள் உண்டது போல் உண்டதில்லை. உறங்கியது போல் உறங்கியதில்லை.

'இந்த வயதில் இது நமக்கு அழகா வாப்பா? ஆலிமின் தந்தை தூண்டிலோடு நிற்கின்றார் என்று ஊரார் பேச மாட்டார்களா?' என்று கேட்டவன் நான்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஐம்பது வயதுக்கு மேல் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை அப்போதே நான் மத்ரஸாவில் ஓதியிருந்தேன். ஓதியது நாவில் இருந்தது. ஊராரின் பேச்சு உள்ளத்தில் இருந்தது.

தந்தையார் மறுமொழி எதுவும் கூறவில்லை. மறுநாள் அஸருக்குப் பின் திண்ணையிலேயே அமர்ந்தார்கள். கூட்டாளிகள் இருவரும் வந்து அழைத்தபோது, முழங்கால் வலிக்கின்றது என்றார்கள். வலி ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், அவர்கள் மறைந்து நாற்பது நாட்கள் கழித்து அறையைத் துப்புரவு செய்தபோது, தூண்டில் பரணில் இருந்தது. நரம்பு சிக்கலின்றிச் சீராகச் சுற்றப்பட்டிருந்தது.