கோவளம் காணச் செல்வோர்க்கு



வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கொரு முறையேனும் தென்திசை நோக்கி வருவது வழக்கம். குலதெய்வ வழிபாடு, உறவினர் இல்லத் திருமணம், முதியோரைக் காணல் என அப்பயணத்திற்குக் காரணங்கள் பல. இடையே இரண்டு நாட்கள் கிடைக்குமாயின், பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்ற விருப்பம் எழுகின்றது. டில்லியிலும் போபாலிலும் ராஞ்சியிலும் வளரும் பிள்ளைகளுள் பலர் கடலைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். அவர்களை அழைத்துக்கொண்டு பலரும் நாடும் இடம் கோவளம். முதன்முறையாக அங்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இன்று எடுத்துக் கூற விரும்புகிறோம்.

முதலாவதாக, கோவளம் என்ற பெயரில் ஊர் ஒன்று மட்டும் இல்லை. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கோவளம் உண்டு. கன்னியாகுமரிக்கு அருகே மீனவர் வாழும் கோவளம் ஒன்று உண்டு. நாம் குறிப்பது திருவனந்தபுரத்துக் கோவளம். விடுதியில் இடம் பதிவு செய்யும்போது மாநிலத்தின் பெயரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நலம்.

இனி வழியைக் கூறுவோம். திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையம் தம்பானூரில் உள்ளது. 1931-ஆம் ஆண்டு முதல் ரயில் வண்டிகள் இங்கு வந்து சேர்கின்றன. சில வண்டிகள் முன்னர் கொச்சுவேளி எனப் பெயர் பெற்றிருந்த திருவனந்தபுரம் வடக்கு நிலையத்தோடு நின்றுவிடும். ஆதலின் பயணச்சீட்டில் எந்த நிலையம் என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். தம்பானூர் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், சாலைக்கு மறுபுறமே பேருந்து நிலையம் கண்ணில் படும். நாகர்கோவில், கன்னியாகுமரி முதலிய ஊர்களுக்கு அங்கிருந்து புறப்படலாம். ஆனால் கோவளம் செல்லும் நகரப் பேருந்துகளுக்குக் கிழக்கே கோட்டைக்குச் செல்ல வேண்டும். அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்த் தொலைவு. அங்கிருந்து கோவளம் சுமார் 15 கிலோமீட்டர். ஒரே பகலில் சென்று திரும்ப எண்ணுவோர் பெட்டிகளை ரயில் நிலையத்துப் பொருள் காப்பறையில் வைத்துவிட்டுச் செல்லலாம். பூட்டிய பெட்டிகளையே அங்கு ஏற்பர், பயணச்சீட்டையும் கேட்பர்.

கோவளத்தின் கரை, பாறை முனைகளால் பிரிக்கப்பட்ட பிறைகள் போன்று வளைந்து வளைந்து அமைந்தது. தென்கோடிக் குன்றின்மேல் 1972-இல் இயங்கத் தொடங்கிய கலங்கரை விளக்கம் நிற்கின்றது. 1930-களில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் இங்கு ஹால்சியன் மாளிகையைக் கட்டினர். வெளிநாட்டுப் பயணிகள் திரளாக வரத் தொடங்கிய 1970-களில்தான் இச்சிற்றூர் உலகறிந்த தலமாயிற்று. மேற்கு நோக்கிய கரையாதலின் மாலைக் கதிரவன் கடலில் மறையும் காட்சி இங்கு மிக அழகியது.

இத்துணை அழகிய கரையில் அபாயமும் உண்டு என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி. வடமாநிலப் பள்ளிகளில் கோடை விடுமுறை பெரும்பாலும் மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை நீடிக்கின்றது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் முதல் தேதி. அன்று முதல் செப்டம்பர் வரை இக்கடல் கொந்தளிக்கும் காலம். ஆகவே நமக்கு ஓய்வு கிடைக்கும் பருவமே கடல் சீறும் பருவமாக அமைந்துவிடுகின்றது.

வட ஆப்பிரிக்காவின் துனிசியா நாட்டுக் கடற்கரை ஊர்களுக்கு ஐரோப்பியர் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நீராடச் செல்கின்றனர். அது நிலத்தால் சூழப்பட்ட மத்தியதரைக் கடல்; அம்மாதங்களில் அங்கு மழையும் அரிது. நம் மேற்குக் கடலோ தெற்கே பெருங்கடலோடு தடையின்றிக் கலந்து கிடப்பது. நெடுந்தொலைவில் வீசும் புயற்காற்று எழுப்பிய அலைகள் சில நாட்கள் பயணம் செய்து, காற்றே இல்லாத தெளிந்த பகலிலும் இக்கரையில் திடீரென ஏறிவிடும். திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் மீனவர் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். 2024 மார்ச்சு இறுதியில் திருவனந்தபுரம் மாவட்டக் கடலோரத்தில் இவ்வாறே நீர் புகுந்தது. இதற்கான முன்னறிவிப்பை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடுகின்றது. புறப்படும் நாளன்று செய்தியில் அதனைக் கேட்டறிந்து செல்க.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் இக்கரைக்கு ஏற்றவை. அப்போதும் ஓர் அபாயத்தை நினைவிற் கொள்ள வேண்டும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது சில இடங்களில் ஒடுங்கிய ஓடைபோல் திரண்டு விரைந்து வெளியேறும். அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. நீர் சற்றுக் கருத்து அமைதியாகத் தோன்றும். கடலை அறியாதவர் அதுவே பாதுகாப்பான இடமென்று கருதிப் பிள்ளைகளை அங்கே இறக்குவர். உண்மையில் ஆளை இழுத்துச் செல்லும் இடம் அதுவே. பாறை முனைகளை ஒட்டிய நீரில் இவ்விழுப்பு மிகுதி.

இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தலாகாது. எத்துணை வலிமை உடையவரும் களைத்துப் போவர். மிதந்தபடி ஒரு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்த வல்லவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பினின்று விலகிய பின் அலையோடு கரைசேரலாம். ஒருவர் தத்தளிப்பதைக் கண்டு மற்றொருவர் உடனே குதிப்பதால் ஓர் உயிருக்கு ஈருயிர் போவதுண்டு. மிதக்கக்கூடிய பொருள் எதையேனும் அவரிடம் வீசிவிட்டு, உயிர்காப்பாளரைக் கூவி அழையுங்கள். 112 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

நனைந்த புடவை கால்களைப் பிணைக்கும். திரும்பும் அலை பாதத்தின் அடி மணலை அரித்துச் செல்லும். ஆகையால் கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி நீரில் நிற்பதை முற்றிலும் தவிர்க்க. மது அருந்தியவர் நீரில் இறங்கவே கூடாது. பாசி படிந்த பாறைகளில் நின்று படம் எடுப்பதும் வேண்டா. சிவப்புக் கொடி கண்ட இடத்தில் கால் நனைக்கவும் எண்ணாதீர்கள். உயிர்காப்பாளர் பகற்பொழுதில்தான் பணியில் இருப்பர் என்பதையும், இருட்டிய பின் உதவிக்கு ஆளிராது என்பதையும் மறவாதீர்கள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் மொழி பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மலையாளம் நம் செவிக்கு நெருங்கிய மொழி. அந்நெருக்கமே சில வேளைகளில் ஏமாற்றும். ‘இறங்கருது’, ‘குளிக்கருது’ என்று உயிர்காப்பாளர் உரத்துக் கூவினால், ‘இறங்கக் கருது’, ‘குளிக்கக் கருது’ என்று அனுமதிப்பதுபோல் தமிழ்ச் செவியில் விழக்கூடும். ‘அருது’ என முடியும் அச்சொற்களுக்கு ‘கூடாது’ என்பதே பொருள். ‘கரைக்குக் கேறு’ என்றால் உடனே கரையேறு என்பது. இவ்விரண்டையும் பயணம் புறப்படுமுன் பிள்ளைகளுக்கும் கற்பித்துவிடுங்கள். ஏனையவை உயிரைத் தொடாதவை. அங்கு ‘வெள்ளம்’ என்பது குடிநீர். ‘கரிக்கு’ என்பது இளநீர். உணவகத்தில் தரும் வெந்நீர் செந்நிறமாக இருந்தால் அஞ்ச வேண்டா. பதிமுகம் என்னும் மரத்தின் கட்டையை இட்டுக் காய்ச்சியதால் வந்த நிறம் அது.

பழக்கத்தால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசத் தொடங்காமல், தமிழை நிறுத்தி நிதானமாகப் பேசினால் இப்பகுதி மக்களுள் பலருக்கு நன்கு விளங்கும். தம்பானூருக்கு அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். பிற கேரளப் பகுதிகளில் ‘சேட்டன்’ என்று விளிப்பவரைத் திருவனந்தபுரத்தார் ‘அண்ணன்’ என்றே விளிப்பதுண்டு. அவ்வொரு சொல் போதும், அந்நிய ஊர் என்ற எண்ணம் அகன்றுவிடும்.

செலவு பற்றியும் சுருக்கமாகச் சொல்வோம். குடை நிழலில் நாற்காலி வேண்டுமானால் அமருமுன் வாடகையைக் கேளுங்கள். மீனைக் காட்டி விற்கும் உணவகத்தில், சமைத்துத் தரும் கூலியும் விலையில் அடங்குமா என வினவுங்கள். எண்ணெய் தேய்ப்பு, மூலிகைச் சிகிச்சை என அழைக்கும் நிலையங்களில் கேரளச் சுற்றுலாத் துறையின் தகுதிச் சான்று உண்டா எனப் பாருங்கள். நண்பகல் வெயில் கொடியது. காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் கரைக்குச் செல்வது உடலுக்கு நல்லது.

மழைக்காலத்தில் செல்ல நேர்ந்தவர் ஏமாற்றம் கொள்ள வேண்டியதில்லை. கரையில் நின்று காணும் சீற்றமும் ஒரு காட்சியே. அருகிலுள்ள விழிஞம் ஆய் அரசர் காலத்துத் துறைமுகம். அங்கே எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய குடைவரைக் கோயில், முற்றுப்பெறாத சிற்பங்களோடு இன்றும் நிற்கின்றது. அதே ஊரில் பெருங்கப்பல்களுக்கான புதிய துறைமுகம் 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மீன்பிடி துறையையும் காணலாம். ஆனால் மணலில் விரித்த வலையை மிதிக்காமலும், உழைப்போரைக் கேளாமல் படம் எடுக்காமலும் நடந்துகொள்வது விருந்தினர்க்கு அழகு.

நமக்குக் கடற்கரை ஒரு நாள் உல்லாசம். விழிஞத்து மீனவர்க்கு அதுவே நாள்தோறும் வயல். கட்டுமரத்தில் வளர்ந்த அவர்களே சில நாட்களில் கடலைப் பார்த்துவிட்டுப் படகை இறக்காமல் இருந்துவிடுகின்றனர். அத்தகைய நாளில் நாம் மட்டும் இறங்குவது அறிவுடைமை ஆகாது. புறப்படுமுன் பருவத்தைப் பாருங்கள். கரையை அடைந்ததும் கொடியைப் பாருங்கள். உயிர்காப்பாளர் சொல்லுக்குச் செவி கொடுங்கள். அழைத்துச் சென்ற பிள்ளைகள் அனைவரையும் நலமே திருப்பி அழைத்து வருவதுதான் இப்பயணத்தின் நிறைவு.