பலாப்பலகையும் நூற்கோடும்

கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். 14ஆம் நூற்றாண்டில், கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில் எழுந்தது அது. அதன் முரசு மண்டபத்துக் கூரையில் 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிணைத்து நிற்கிறது. மின்சாரம் இல்லாத காலத்துத் தச்சரின் வேலை அது. இன்று நம் கையில் மின்பொறி உண்டு. ஆயினும் ஒரு பெரிய பலகையைச் சமதளமாக்குவது இன்றும் எளிதன்று. அது குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டங்களிலே பலா நிற்கும். பஞ்ச காலத்திற் பசி தீர்த்த மரமாதலின், அதனை வெட்ட அனுமதி பெறவேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அவ்வாறு அனுமதி பெற்று வீழ்த்திய மரத்தின் அகன்ற பலகையை வீணாக்கலாகாது. மூன்றடி அகலப் பலகை சிறு பட்டறையின் சீவற்பொறிக்குள் நுழையாது. கைச்சீவுளியால் இழைப்பதோ நெடுநாள் உழைப்பு. இங்கேதான் ரவுட்டர் உதவுகிறது.

ரவுட்டர் என்பது, வேகமாகச் சுழலும் வெட்டலகைக் கையாற் பிடித்துச் செலுத்தும் பொறி. பலகையின்மேல் நேரே வைத்தால், மேடு பள்ளங்களோடு அதுவும் ஏறியிறங்கும். ஆகவே பலகையின் இருபுறமும் இரு நேர்ச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பாலம்போல ஒரு தொட்டிச் சட்டத்தை வைத்து, அதனுள் ரவுட்டரை நகர்த்துகிறோம். அலகு ஒரே மட்டத்தில் ஓடுவதால் மேடுகள் மட்டுமே சீவப்படும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நேர் எது, கோணல் எது என்பதைப் பொறி அறியாது. சட்டங்கள் எப்படியோ, பலகையும் அப்படியே. எனவே சட்டங்களின் நான்கு முனைகளிலிருந்தும் மூலைக்கு மூலை இரு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை ஒன்றையொன்று மெல்லத் தொட்டால் முறுக்கு இல்லை. இடைவெளி தெரிந்தாலும், ஒன்று மற்றதை அழுத்தினாலும் சட்டத்தைத் திருத்துங்கள்.

அடுத்தது ஆப்பு வைக்கும் கணக்கு. 50 மில்லிமீற்றர் தடித்த பலகையொன்று முறுகியிருக்கிறது என்போம். மூன்று மூலைகள் மேசையில் அமர, நான்காவது 12 மில்லிமீற்றர் எழுந்து நிற்கிறது. அப்படியே வைத்து இருபக்கமும் சீவினால் மிஞ்சுவது 38 மில்லிமீற்றர். அதே பலகையை ஆப்பு வைத்து, எதிரெதிரான இரு மூலைகளும் 6 மில்லிமீற்றர் வீதம் எழுமாறு பகிர்ந்தால் 44 மில்லிமீற்றர் மிஞ்சும். சிறு ஆப்புத் துண்டுகள் காப்பாற்றியது 6 மில்லிமீற்றர் மரம்! பலகை அசையாதபடி ஆப்புகளை இறுக்கிய பின்னரே பொறியைத் தொடுங்கள்.

ஈர மரத்தில் இவ்வேலை பயன் தராது. மரம் உலரும்போது, ஆண்டு வளையங்களின் போக்கிற் சுருங்குவது, அவற்றைக் குறுக்கிட்டுச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. பலகை குழிவது அதனாலேயே. திறந்த நிழலில் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய வழக்கு. மழை மிகுந்த மலைநாட்டிற் பொறுமை இன்னும் வேண்டும்.

வெட்டும்போது ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் வேண்டாம். அகன்ற அலகானால் சுழற்சி வேகத்தைக் குறையுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணியுங்கள். மூக்கை மூடவும் தவறாதீர்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995ஆம் ஆண்டில் வகைப்படுத்தியுள்ளது. இறுதியில் அலகின் தடங்களைச் சீவுளியாலும் உப்புத்தாளாலும் போக்கலாம்.

பொறி வேலையை விரைவாக்கும். பிழையையும் அவ்வாறே விரைவாக்கும். சீவிய மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது. ஆதலால் அலகு சுழலுமுன் அரைமணி நேரம் நூல் பிடித்துப் பாருங்கள். பல்லாண்டு நின்று காய்த்த பலாவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.