முதலில் கூரை, கடைசியில் பெயின்ட்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாகப் பன்விலயில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு பற்றியோ பிரஷர் பற்றியோ பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் இன்று கூரையைப் பற்றியும் கானைப் பற்றியும் பேசப் போகிறேன். மழைக்காலத்தில் இழுப்பு என்று சொல்லிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மாரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "பிள்ளை படுக்கிற பக்கத்துச் சுவர் ஈரமா?" என்பதுதான். பாதிப் பேர் "ஆமாம்" என்கிறார்கள். நான் எழுதிக் கொடுக்கும் மருந்து அன்றைய இழுப்பை நிறுத்தும். அடுத்த மாதம் அதே பிள்ளை திரும்பி வரும். அந்தப் பிள்ளைக்குத் தேவையான மருந்தில் பாதி, காய்ந்த சுவர். அது எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. ஈர வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, சுவாசத் தொற்றுகள் கூடுதலாக வருகின்றன என்பது அதன் சாரம்.

நம்மில் பலர் பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்தில் பிறந்தவர்கள். நம் பாட்டன் பூட்டன் இந்த மலைக்கு வந்து 200 வருடம் ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் நம்மிலும் இருக்கலாம். அந்த 200 வருடத்தில் பெரும்பகுதி, நம் தலைக்கு மேலிருந்த தகரம் நம்முடையதாக இருக்கவில்லை. இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. இந்திய வீட்டுத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த இன்னும் 10,000 வீடுகள் என்று வந்தன. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. இன்னும் எத்தனையோ குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. வீடு கிடைத்த எல்லோருக்கும் காணி உறுதி கையில் வந்துவிடவும் இல்லை. அந்தப் போராட்டம் நடக்கட்டும். இன்று நான் பேசுவது, வீடு கிடைத்த பிறகு என்ன என்பது பற்றி.

லயத்தில் கூரை ஒழுகினால் தோட்டத்து ஒபீசில் போய்ச் சொல்வோம். செய்தார்களா இல்லையா என்பது வேறு கதை, சொல்வதற்கு ஓர் இடம் இருந்தது. வாசக்கூட்டி கானைக் கூட்டுவார். வருடத்துக்கு ஒரு தரம் தோட்டமே சுண்ணாம்பு அடித்துவிடும் என்று எங்கள் அம்மாயி சொல்வார். சொந்த வீட்டில் நாமே துரை, நாமே வாசக்கூட்டி. யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை, ஏனென்றால் நமக்கு முன்னால் நம் குடும்பத்தில் யாரும் வீட்டுக்காரராக இருக்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. லயக் காம்பராவுக்கு இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். மழை படுவது முன்னாலும் பின்னாலும்தான். தனி வீட்டுக்கு நான்கு பக்கமும் மழை. "லயத்தில்கூட இவ்வளவு ஈரம் இல்லையே, டொக்டர்" என்று புது வீட்டுக்காரர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் குறை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சுவர் நாலும் நனைகிறது என்பது நிச்சயம்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மலைநாட்டு வீட்டைக் கெடுப்பது தண்ணீர். தண்ணீரை வெளியே நிறுத்தச் செலவழிக்கும் காசு சிறியது. உள்ளே வந்த பிறகு செலவழிப்பது பெரியது. காசு கொஞ்சமாக இருந்தால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: கூரை, கான், மண்மேடு, சுவர். பெயின்ட் கடைசி.

கூரை. தகரக் கூரை ஒழுகுவது பெரும்பாலும் தகரம் ஓட்டையாகி அல்ல. ஆணிக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடுகிறது. அதை மாற்றுவது சின்ன வேலை. நம்மவர்கள் செய்வது, ஒழுகும் இடத்தில் சீமெந்தைப் பூசுவது. தகரம் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். சீமெந்து விரியாது, அடுத்த மழைக்குள் வெடிக்கும். அந்த இடத்துக்கு நெகிழும் சிலிக்கன் போன்ற பசைதான் சரி.

அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் ஒரு டொக்டராக இரண்டு எச்சரிக்கை. பாசியைக் காய்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம், வாளால் அறுக்க வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்ப் பல வருடம் கழித்து வேலையைக் காட்டும். தொட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் நன்றாக நனையுங்கள். இரண்டாவது, அதன் மேல் நேராக ஏறி நடக்க வேண்டாம். தகடு உடைந்து கீழே விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களை நாங்கள் வாட்டில் பார்க்கிறோம். வேலை தெரிந்த பாஸிடம் கொடுங்கள். அவரும் குறுக்குச் சட்டத்தின் மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஓர் ஆயுள் உழைப்பை இழக்கக் கூடாது.

கான். பீலி போட வசதி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். கூரைத் தண்ணி விழும் கோட்டில் தரையில் ஒரு கான் வெட்டி, வீட்டை விட்டு வெளியே சரிவாக விட்டால் போதும். சொட்டும் தண்ணி தெறித்துத்தான் சுவரின் அடி இரண்டு அடி உயரத்துக்கு நனைகிறது. பீலி போட்டவர்கள் அதை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். இலை அடைத்துத் தேங்கிய தண்ணியில் டெங்கு நுளம்பின் முட்டை ஏழு முதல் பத்து நாளில் பறக்கும் நுளம்பாகிவிடும். பார்க்க முடியாத பீலியை விட, பார்க்கக்கூடிய கான் நல்லது. கூரைத் தண்ணியை மலசலகூடக் குழிக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். குழி நிறைந்து வழிந்தால் காசும் போகும், வயிற்றோட்டமும் வரும்.

மண்மேடு. இதைச் சொல்லும்போது சிரிக்க முடியவில்லை. 2014 அக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நம் கண்டி மாவட்டம் பட்டதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குசினியைப் பெரிதாக்க வேண்டும் என்று வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டாதீர்கள். எந்தச் சீமெந்துச் செலவும் அதற்கு ஈடாகாது. மேட்டுக்கு மேலே கான் வெட்டித் தண்ணியைத் திருப்பிவிடுங்கள். சரிவில் வெட்டிவேர் நடுங்கள், அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும். தாங்குசுவர் இருந்தால் அதில் தண்ணி வடியும் ஓட்டைகளை அசிங்கமாக இருக்கிறதென்று அடைக்காதீர்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100 ஐத் தாண்டினால் புறப்படத் தயாராகுங்கள். 150 ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று வரும் கலங்கிய ஊற்று, இவற்றைக் கண்டால் மழைக் கணக்கைக்கூடப் பார்க்க வேண்டாம். உடனே கிளம்பி, கிராம உத்தியோகத்தருக்கும் 117 க்கும் சொல்லுங்கள். வீட்டைக் காப்பாற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறேன், ஆனால் அந்த நேரத்தில் வீட்டை விட்டுவிட வேண்டும்.

சுவர். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசுவது, காய்ச்சல் ஏன் என்று பார்க்காமல் மருந்து கொடுப்பது மாதிரி. செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு சாண் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் தண்ணி கோர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. கூரையையும் கானையும் பைப்பையும் பாருங்கள். முன்பக்கம், அறையின் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் உள்ளே நம் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் ஈரத்துணியிலிருந்தும் வருகிறது. அதற்கு மருந்து ஜன்னல். காலையில் இரண்டு மணித்தியாலம் திறந்து வையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இப்போது பெயின்ட். நாம் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது எப்போது? தீபாவளிக்கு. தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில். அது இந்த மலையில் நல்ல மழைக்காலம். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் உள்ளே ஈரத்தை அடைத்துவைத்து, பொங்கலுக்குள் கொப்பளமாக உரிகிறது. வருடா வருடம் அந்தக் காசு போகிறது. பெப்ரவரி, மார்ச்சில் சுவர் காய்ந்திருக்கும்போது அடியுங்கள். சுண்ணாம்பாக இருந்தால் இன்னும் நல்லது, சுவர் மூச்சு விடும், விலையும் குறைவு. தீபாவளிக்கு முன்னால், செப்டெம்பரில், கூரையையும் கானையும் பாருங்கள். சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும், மே மாத மழைக்கு முன்னால், இன்னொரு தரம். வருடத்துக்கு இரண்டு நாள். அவ்வளவுதான்.

காசுக்கு எங்கே போவது? மாதத்தில் ஒரு நாள் சம்பளத்தை வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவை வைத்துக் கணக்குப் போட்டாலும் வருடத்துக்கு 16,200 ரூபா. வாஷர், பசை, கான், சுண்ணாம்பு என்று நான் சொன்ன வேலைகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கக்கூடியவை. ஒதுக்காதவர்கள்தான் கூரை இடிந்த பிறகு வீட்டு வாசலுக்கு வரும் கடன்காரரிடம் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கடனின் கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா, வருடத்துக்கு 20 வீதம் வட்டி, மாதம் 5,000 வீதம் 12 மாதம் என்பார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும், வட்டி மட்டும் முழு 50,000 க்கும். உண்மையான வட்டி ஏறத்தாழ 35 வீதம். நமக்குக் கணக்குச் சொல்லித் தந்த டீச்சர் முன்வரிசையில் இருக்கிறார், வேண்டுமானால் சரிபார்க்கட்டும்.

தனியாகச் செய்தால் செலவு கூட. பத்து வீட்டார் சேர்ந்தால் ஓர் ஏணி போதும். பாஸ் ஒருவரைப் பத்து தரம் கூப்பிடுவதை விட, ஒரே நாளில் பத்துக் கூரையையும் பார்க்கச் சொன்னால் கூலியும் பஸ் காசும் மிச்சம். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நம் பெண்களுக்கு இது புதிதல்ல. சீட்டை நகைக்கு மட்டும் பிடிக்காமல் கூரைக்கும் பிடியுங்கள்.

மின்சாரத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ட்ரிப் சுவிட்சில் சின்னதாக ஒரு சோதனைப் பட்டன் இருக்கிறது. மாதம் ஒரு முறை அமர்த்துங்கள். விழவில்லை என்றால் அன்றே மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஈரச் சுவரும் கெட்ட சுவிட்சும் சேர்ந்தால் உயிர் போகும்.

கடைசியாக, வெளியூரில், வெளிநாட்டில் இருந்து இந்த மலரில் இதைப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு. கொழும்பிலும் டுபாயிலும் டொரன்டோவிலும் இருந்து அம்மா அப்பாவின் புது வீட்டுக்கு நீங்கள் காசு அனுப்புகிறீர்கள். படத்தில் அழகாகத் தெரியும் டைல்ஸுக்கும் கேட்டுக்கும் சீலிங்குக்கும் அனுப்புகிறீர்கள். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. லயத்தில் வளர்ந்த நமக்கு ஒரு கேட் எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத்தான் தெரியும். ஆனால் ஒழுகும் கூரைக்குக் கீழே போட்ட சீலிங் ஈரத்தை மறைக்கும், தடுக்காது. தீபாவளிக் காசை ஓகஸ்ட்டிலேயே அனுப்புங்கள். "பெயின்ட் எப்படி?" என்று கேட்பதற்கு முன் "கானைப் பார்த்தீங்களா அம்மா?" என்று கேளுங்கள். கூரைக்குக் கீழே நின்று மேலே பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஏணி, பலகை, கயிறு, கொஞ்சம் ஆயுதம் கொண்ட ஒரு பெட்டியைத் தோட்டத்துக்கு ஒன்றாக வாங்கி, பொறுப்பான ஒரு பழைய மாணவியின் கையில் ஒப்படைப்போம். செப்டெம்பரிலும் ஏப்ரலிலும் அது வீடு வீடாகப் போகட்டும். நம் மக்கள் கைக்கு வர இத்தனை காலம் எடுத்த வீடு, பத்து வருட மழையில் கரைந்து போகக் கூடாது. அதற்குள் வளரும் பிள்ளைகள் இழுப்பில்லாமல் தூங்கி, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் தவறாமல் வர வேண்டும்.