கண்மாய் மீன் யாருடையது?

(ஆய்வு மாணவர்கள் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடை வந்தால் இந்தக் காணொலி உங்கள் கைப்பேசிக்கும் வந்துவிடும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் நீர் வற்றிய ஒரு கண்மாய். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, வலையோடு கூட்டம் சேற்றில் இறங்கும். 'சாதி, மத வேறுபாடின்றி மீன்பிடித் திருவிழா' என்று செய்தி வாசிப்பார்கள். பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். வருடத்தில் ஒரு நாள் வேறுபாடில்லை, சரி. மிச்சம் 364 நாள்?

என் தாத்தா எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்க்கட்டி. மூழ்கி மடை திறப்பவர். மழைக்காலத்தில் கரை உடைப்பெடுத்தால் நடுராத்திரியில் அவரைத்தான் எழுப்புவார்கள். பல ஊர்களில் இந்த வேலை சேரி மக்களுடையது என்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். கலுங்குப் பக்கம் உட்கார்ந்து தூண்டில் போட்டேன். கொஞ்சம் தள்ளி ஊர்த்தெருப் பையன்கள் நாலு பேரும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரரின் காவல் ஆள் அவர்களைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். தூண்டிலை முறித்தார். மண்புழு டப்பாவைக் காலால் தண்ணீரில் தள்ளினார். சாயங்காலம் தாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "சின்னப் பய, தெரியாம வந்துட்டான் சாமி" என்று கை கட்டி நின்றார். வீட்டுக்குத் திரும்பும்போது என்னைத் திட்டவில்லை. "மீனு வேணும்னா சந்தையில வாங்கித் தர்றேன்யா" என்றார். அவ்வளவுதான்.

குத்தகைக்கு விட்ட மீனைப் பிடிப்பது தப்புதானே என்று நீங்கள் கேட்கலாம். தப்பென்றே வைத்துக்கொள்வோம். அந்த நாலு பேர்?

குத்தகைக்கே வருவோம். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் அரசின் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடம். எதுவானாலும் பொதுச்சொத்து. மீன்பாசி ஏலமும் காகிதத்தில் பொது ஏலம்தான். நான் களப்பணிக்குப் போன ஊர்களில் கேட்டது வேறு. ஏலத்துக்கு முன்பே கோயில் வாசலில் பேசி முடித்துவிடுகிறார்கள். யார் கேட்பது, எவ்வளவுக்குக் கேட்பது, யார் கேட்கவே கூடாது, எல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். மீன் விற்ற பணத்தில் திருவிழா நடக்கும். அந்தத் திருவிழாவில் சேரிக்கு முதல் மரியாதை இல்லை, பல இடங்களில் தேர் வடத்தில் கை வைக்கவும் உரிமை இல்லை. டேவிட் மோஸ் என்ற மானுடவியலாளர் தென்தமிழகக் கண்மாய்களை ஆராய்ந்து 2003-இல் 'த ரூல் ஆஃப் வாட்டர்' என்ற நூலை எழுதினார். கண்மாய் என்பது பாசனம் மட்டுமல்ல, அதிகாரமும் மரியாதையும்கூட என்று அதில் காட்டுகிறார். என் தாத்தாவுக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது.

மகத்தில் நடந்ததும் இதேதான். பொதுநீர் நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சி 1924-இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்த நீரை அள்ளிக் குடித்தார். மக்கள் அடிக்கப்பட்டார்கள். குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 ஆனது. உத்தரவு ஒன்று, கரை வேறொன்று.

நம் ஊரில் மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். வெறும் நாற்காலிக்காகவா? ஊராட்சியின் பொதுச்சொத்து யார் கையெழுத்தில் போகிறது என்பதும் அந்த நாற்காலியோடு சேர்ந்ததுதான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசமைப்பின் 15(2) பிரிவு குளத்தையும் படித்துறையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுச்சொத்தையும் நீர்நிலையையும் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் முறிந்த தூண்டிலோடு யாரும் காவல் நிலையம் போவதில்லை. அதை நாமே அற்ப விஷயம் என்று விட்டுவிடுகிறோம்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி போடுங்கள். மீன்பாசி ஏலம் எந்த இடத்தில் நடந்தது? கடந்த பத்து ஆண்டுகளில் யார் யார் பெயரில் போனது? பணம் எந்தக் கணக்கில் வரவானது? பதிலை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள். ஏலத்தைக் கோயில் வாசலில் பேசி முடிக்காமல் எல்லாரும் வரக்கூடிய அரசு அலுவலகத்தில் நடத்தச் சொல்லுங்கள். சேரிப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களும் ஏலம் கேட்கட்டும். தனியாகப் போகாதீர்கள், அமைப்பாகப் போங்கள்.

திருவிழாக் காணொலியை அதற்குப் பிறகு பகிர்வோம். எங்கள் ஊரில் இந்த மூன்று கேள்வியையும் போன மாதம் போட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன். தாத்தா இப்போது இல்லை. விண்ணப்பத்தில் என் முகவரியை எழுதும்போது, அவர் வீட்டுக் கதவு எண்ணைத்தான் எழுதினேன்.