பணம் கட்டுறதுக்கு முன்னால கேபிளை மாட்டிப் பாருங்க
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், "என் சேமிப்பிலிருந்து 1,000 ரூபாய் எடுத்துக்கிறேன்" என்று கேட்டாங்க. எதுக்குன்னு விசாரிச்சோம். வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் ரொம்ப மெதுவாம். மகள் கல்லூரிப் பாட வீடியோவை இறக்க ராத்திரி 12 மணி வரைக்கும் முழிச்சிருக்காள். 40 வேகத்திலிருந்து 100 வேகத் திட்டத்துக்கு மாறி, மாதம் 200 ரூபாய் கூடுதலாக ஆறு மாதம் கட்டியிருக்காங்க. 1,200 ரூபாய் போனதுதான் மிச்சம். இப்போ அதைவிடப் பெரிய திட்டம் எடுக்கப் போறாங்களாம்.

பணத்தை ஒரு வாரம் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டு நாங்கள் அவங்க வீட்டுக்குப் போனோம்.

முதல்ல ஒரு கணக்கு. பில்லில் போட்டிருக்கும் 40, 100 எல்லாம் மெகாபிட். நாம இறக்குற வீடியோவின் அளவு மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால 40-ஐ எட்டால் வகுக்கணும். நொடிக்கு 5 மெகாபைட். 600 மெகாபைட் வீடியோ இரண்டு நிமிடத்தில் இறங்கிடணும். இது தெரியாம கம்பெனிக்காரர் ஏமாத்திட்டார்னு சண்டைக்குப் போனவங்களும் உண்டு!

அந்த வீட்டில் வேகத்தை அளந்து பார்த்தால் 100-க்கு வெறும் 4. ஒரு வீடியோவுக்கு 20 நிமிடம். அடுத்து கம்ப்யூட்டரை வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் தூக்கிட்டுப் போய், லேன் கேபிளை நேராகச் சொருகி, மத்த போன்களில் வைஃபையை அணைச்சுட்டு அளந்தோம். 94 வந்தது! குழாயில் தண்ணி வரலைன்னா முதல்ல தொட்டியில் இருக்கான்னு பார்ப்போமே, அது மாதிரிதான் இந்தச் சோதனை. வீட்டு வாசல் வரைக்கும் வேகம் சரியா வந்திருக்கு. உள்ளேதான் தொலைஞ்சிருக்கு.

எங்கே தொலைஞ்சது? பிள்ளைகள் கை படக்கூடாதுன்னு பெட்டியை உள் அறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால வச்சிருந்தாங்க. கம்ப்யூட்டர் முன் அறையில். நடுவில் இரண்டு சுவர். வைஃபை அலைக்கு இரும்பு பெரிய தடை, சுவரும் தடை. பல பெட்டிகளில் இரண்டு அலை இருக்கும். 2.4 என்பது தூரம் போகும், வேகம் குறைவு. 5 என்பது வேகமானது, சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். பழைய கம்ப்யூட்டர் சிலதுக்கு இந்த 5 தெரியவே தெரியாது. அதனால பெட்டியை முன் அறையில் ஆள் உயரத்துக்கு மாட்டி, கம்ப்யூட்டருக்கு கேபிளே கொடுத்தோம். செலவு சில நூறு ரூபாய், ஒரே தடவை.

அப்படியும் சாயந்திரமானா வேகம் இறங்குச்சு. கீபோர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்த வேலை நெட்டை இழுக்குதுன்னு தெரியும். விண்டோஸ் அப்டேட் இறங்கிட்டிருந்தது. அதை அடியோடு நிறுத்தாதீங்க, அது கம்ப்யூட்டரின் பாதுகாப்புக்கு வேணும். படிக்கிற நேரத்துக்கு மட்டும் தள்ளி வையுங்க. இன்னொண்ணு, பாஸ்வேர்டு பக்கத்து வீடுகளுக்கும் போயிருந்தது. நாங்கள் குறை சொல்லலை, மோர் கேட்டு வந்தா இல்லைன்னு சொல்ற ஊரா நம்ம ஊர்? ஆனா ராத்திரி எட்டு மணிக்கு நாலு வீட்டுப் படமும் ஒரே இணைப்பில் ஓடினால் பாடம் எப்படி இறங்கும்?

மாதக் கடைசியில் மட்டும் மெதுவானால் பில்லைப் படியுங்க. டேட்டா அளவு முடிஞ்சதும் வேகத்தைக் குறைக்கும் திட்டமாக இருக்கலாம். ஒரே ஒரு தளம் மட்டும் மெதுவுன்னா, தேர்வு முடிவு வர்ற நாள் மாதிரி அங்கே கூட்டம். விடியக்காலையில் முயற்சி செய்யுங்க.

கேபிள் போட்டு அளந்தும் குறைவா வந்தால்தான் கம்பெனியைக் கேட்கணும். பெட்டியை அணைச்சுப் போட்டுப் பாருங்க. சிவப்பு விளக்கு எரியுதா, ஃபைபர் கம்பி மடங்கியிருக்கா, எலி கடிச்சிருக்கான்னு பாருங்க. பிறகு போன் செய்து புகார் எண்ணைக் கட்டாயம் எழுதி வாங்குங்க. சரி செய்யலைன்னா அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 மெகாபிட் வேகம் வேணும்னு 2023-இல் அரசு வரையறுத்திருக்கு. அதற்கு முன் அது அரை மெகாபிட்தான்.

அந்தச் சகோதரி அடுத்த பில்லிலேயே பழைய 40 திட்டத்துக்குத் திரும்பிட்டாங்க. 1,000 ரூபாய் சேமிப்பிலேயே இருக்கு. மகள் இப்போ பத்து மணிக்குத் தூங்குறாளாம்.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் ஒரு லேன் கேபிள் கொண்டு வருவோம். வீட்டில் நெட் வச்சிருக்கிறவங்க கடைசி பில்லை எடுத்துட்டு வாங்க.