11 பக்கங்கள்



“எத்தனை ஆய்வுக்கட்டுரை எழுதினீர்கள்? எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்?” இன்று ஆராய்ச்சிக்குப் போகும் நம் பிள்ளைகளைத் துரத்தும் கேள்வி இது. எச்-சுட்டெண் என்று ஓர் அளவுகோலும் உண்டு. 10 கட்டுரைகள் தலா 10 தடவையாவது மேற்கோளானால் சுட்டெண் 10. ஒரே கட்டுரையை எழுதியவருக்கோ, ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் சுட்டெண் 1தான்!

பிரெண்டா மில்னர் 1918இல் மன்செஸ்டரில் பிறந்தவர். அவரும் ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவியே. 1957இல் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்கோவிலுடன் அவர் எழுதிய கட்டுரை வெறும் 11 பக்கம்; நோயாளிகள் 10 பேர். நரம்பியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் அதுவும் ஒன்று.

அந்த நோயாளிகளில் ஒருவர் ஹென்றி மொலெய்சன். வலிப்புக்காக 1953இல் அவரது மூளையின் இருபக்கத்திலும் ஒரு பகுதியை அகற்றினார்கள். வலிப்புக் குறைந்தது, ஆனால் புதிய ஞாபகம் எதுவும் தங்கவில்லை. மில்னர் மொன்றியலிலிருந்து இரவு ரயிலேறி அவரைப் பார்க்கப் போவார். போகும்போதெல்லாம் ஹென்றிக்கு அவர் புது மனுஷி. ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையப் பழக்கியபோது, மூன்று நாளில் கை தேறிவிட்டது. முன்பு வரைந்த ஞாபகமே அவருக்கு இல்லை! கைப்பழக்கத்தின் ஞாபகம் வேறிடத்தில் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

“அம்மாவுக்குக் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, தையல் மெஷினில் மட்டும் கை தவறுவதில்லையே, டொக்டர்?” என்று பிள்ளைகள் கேட்கும்போது நான் சொல்லும் பதில் மில்னர் தந்ததுதான். அந்தப் பதிலை எந்தச் சுட்டெண்ணும் கணக்கெடுப்பதில்லை.

உயர்தர வகுப்பு மாணவியருக்காக அக்கட்டுரையின் பிரதிகளைக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் வேளையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.