எழுபது வயதும் ஐயாயிரம் ரூபாயும்

வாழைச்சேனையைத் தாண்டித் திருகோணமலை வீதியால் போனால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை என்று ஊர்கள் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இந்தக் கரையில் நாற்பது, ஐம்பது வருடம் தோணி தள்ளிய ஒருவரிடம் "அப்பச்சி, எப்ப பென்சன் எடுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். கை நடுங்கி வலை பொத்த முடியாமல் போகும் நாள்தான் அவர் ஓய்வு பெறும் நாள். அதற்குக் கடிதமும் வராது, காசும் வராது.

அரச உத்தியோகத்தருக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடும். அதன் விதிகள் 1901ஆம் ஆண்டுக் காலத்தவை. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் கழிப்பார்களே தவிர, தன் சொந்த ஓய்வூதியத்துக்கென்று உத்தியோகத்தர் ஒரு சதமும் கட்டுவதில்லை. முழுவதும் திறைசேரியின் காசு. இன்று அதைப் பெறுவோர் சுமார் ஏழு இலட்சம் பேர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், அது உங்கள் உழைப்புக்கு உரியதுதான். ஆனால் திறைசேரியில் இருப்பது யாருடைய காசு என்று கொஞ்சம் பார்ப்போம்.

2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி நூற்றுக்கு 15இலிருந்து 18 ஆனது. அதுவரை விலக்கில் இருந்த சமையல் வாயு, பெற்றோல், டீசல், கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் அன்று வரி வந்தது. மாங்கேணியில் ஒரு மூத்தம்மா மாதம் 2000 ரூபாய்க்கு வரியுள்ள சாமான் வாங்கினால் ஏறக்குறைய 300 ரூபாய் வரியாகப் போகிறது. சின்னக் கடையில் துண்டு எழுதித் தர மாட்டார்கள், அதனால் அவருக்கு அது தெரியாது. சவர்க்காரத்தின் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. 2019 டிசம்பரில் இதே வரியை 8 வீதமாகக் குறைத்தார்கள், வருமான வரியையும் வெட்டினார்கள். நன்மை பெரிய கைகளுக்குப் போனது. 2022இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எட்டு வீதத்தளவுக்கு வந்து நின்றது. அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது எத்தனை தோணி கரையில் கிடந்தது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வரி கட்டாதவர் என்று இந்தக் கரையில் ஒருவருமில்லை.

மீனவருக்கென்று ஓய்வூதியச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. விவசாயிக்கு 1987இல் வந்தது, மீனவருக்கு 1990இல் வந்தது. அந்த 1990 ஆனியில்தான் நம் பக்கம் யுத்தம் மறுபடி மூண்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர் எந்தக் கந்தோரில் போய்ச் சந்தா கட்டுவார்? மறுகா சுனாமி, மறுகா 2006, 2007இல் வாகரை இடப்பெயர்வு. விவசாயிகளின் திட்டம் ஓரளவு ஓடியது. ஆனால் இளம் ஆட்கள் சேராமல் முதியவர்கள் மட்டும் பெற்றுக்கொண்டிருந்ததால் நிதி வற்றி, 2012இல் கொடுப்பனவு நின்று, 2014இல் அரச காசைப் போட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. நாட்கூலியிலும் பருவப்பாட்டிலும் வாழ்கிறவர்கள் சந்தா கட்டி முதுமைக்குச் சேர்ப்பார்கள் என்று கொழும்பில் போட்ட கணக்கு தொடக்கத்திலேயே பிழை.

சந்தாத் திட்டத்துக்கு உயிர்ப்பலியும் உண்டு. 2011இல் தனியார்துறை ஊழியருக்கு ஓய்வூதியம் என்று ஒரு சட்டமூலம் வந்தது. சம்பளத்தில் கழித்துக்கொண்டு போவார்கள், குறைந்தது பத்து வருடம் கட்ட வேண்டும். ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளில் பலர் கலியாணம் முடிக்கும் வரைக்கும், நாலைந்து வருடம்தான் வேலை செய்கிறார்கள். கட்டிய காசு யாருக்கு என்று கேட்டுத்தான் மே 30ஆம் திகதி கட்டுநாயக்காவில் தெருவுக்கு இறங்கினார்கள். பொலிஸ் சுட்டது. ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி இறந்தார். பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார், சட்டமூலமும் கைவிடப்பட்டது.

இப்போது நமக்கு மிஞ்சியிருப்பது முதியோர் கொடுப்பனவு. 70 வயது தாண்டிய, குறைந்த வருமானமுள்ளவருக்கு 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 5000 ரூபாய். ஏழை யார் என்று தீர்மானிப்பதில்தான் சிக்கல். 2023இல் அரசின் அஸ்வெசும நிவாரணத் திட்டத்தின் முதல் பட்டியல் வெளிவந்ததும் பத்து இலட்சத்தை நெருங்கிய மேன்முறையீடுகள் குவிந்தன. அந்தத் திட்டம் குடும்பத்தை ஓர் அலகாக எடுத்து, வீடு, மின்சாரம், உடைமை என்று பார்த்துப் புள்ளி போடுகிறது.

நம் பகுதி வழக்கத்தை யோசியுங்கள். தாய் தகப்பன் உழைத்ததையெல்லாம் போட்டு மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். கடைசி மகளுக்கும் கொடுத்தபின் அந்த வளவுக்குள்ளேயே பின்பக்கம் ஒரு குடிலில் ஒதுங்குகிறார்கள். கல்வீடு மகளுடையது, மருமகனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கிழவியின் கையில் மருந்துக்குக் காசில்லை. விவரம் எடுக்க வருகிறவர் கல்வீட்டைப் பார்ப்பாரா, குடிலைப் பார்ப்பாரா? எதைப் பார்த்தாலும், பெற்ற மகளை நம்பி நிற்பவளை வசதியுள்ளவள் என்று எழுதிவிட இடமிருக்கிறது.

ஆகவே என் கட்சி இது: வயதை மட்டும் பார்த்துக் கொடுங்கள். நேபாளம் நம்மைவிட ஏழை நாடு. அங்கே 1995இல், 75 வயது தாண்டியவருக்கு மாதம் 100 நேபாள ரூபாய் என்று சின்னதாகத் தொடங்கினார்கள். இன்று 68 வயதில் 4000 கொடுக்கிறார்கள். பணக்காரக் கிழவருக்கும் போகுமே என்பார்கள். போகட்டும், அவரிடம் வருமான வரியில் திருப்பி வாங்குவது அரசின் வேலை. கொடுக்கும் இடத்தில் வடிகட்டினால் ஏழை தவறுகிறான். வாங்கும் இடத்தில் வடிகட்டினால் அவனுக்கு நட்டமில்லை.

காசுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. ஒவ்வொரு பத்து இலட்சம் முதியவருக்கும் மாதம் 5000 என்றால் ஆண்டுக்கு 60 பில்லியன் ரூபாய். சின்னத் தொகையல்ல. அரச ஓய்வூதியச் செலவு அதைப்போலப் பல மடங்கு என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் செய்த உடன்படிக்கை வருமானத்தைக் கூட்டச் சொல்கிறது. அதை வற் வரியால் கூட்டுவதா, சொத்திலும் பெரிய வருமானத்திலும் கூட்டுவதா என்பது நாம் சண்டை பிடிக்க வேண்டிய இடம்.

கார்த்திகையில் வரவு செலவுத் திட்ட விவாதம் வரும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் வீதியையும் பாலத்தையும் பற்றிப் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். இந்த முறை அவர்கள் வாக்குக் கேட்ட வாயால் இதையும் கேட்கட்டும்: மூத்தம்மாவின் கொடுப்பனவு அவருடைய பெயரிலும் வயதிலும் வருமா, அல்லது மருமகனின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துத்தான் வருமா? பதிலை ஹன்சாட்டில் எழுதி வைக்கட்டும்.